ஸ்டெர்ன் அயர்ன் மேன் (2010) பின்பால்: பழைய இயந்திரத்தை வாங்குமுன் சில ஐயங்கள்

கேள்வி: வெள்ளிக்கோலி

அனைவருக்கும் வணக்கம். நான் சிகாகோவின் மேற்குப் புறநகர் ஒன்றில் குடியிருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் ஒருவர் தம் வீட்டு அடித்தளத்தில் வைத்திருந்த அயர்ன் மேன் பின்பால் இயந்திரத்தை (சாய்ந்த தளத்தில் எஃகுப் பந்தை அடித்து ஆடும் காசு இயந்திரம்) விற்க இருக்கிறார். 2014-இல் மறுபடி தயாரிக்கப்பட்ட வால்ட் பதிப்பு அன்று; ஸ்டெர்ன் நிறுவனம் 2010-இல் வெளியிட்ட முதல் பதிப்பு. மகனைப் பந்துருட்டும் அரங்குக்கு அழைத்துப் போகும் சனிக்கிழமைகளில், அவன் ஆடி முடிக்கும்வரை அங்கிருந்த இதே இயந்திரத்தில் காசு போட்டு ஆடிப் பழகியவன் நான். ஆகவே இயந்திரம் எனக்குப் புதிதன்று. ஆனால் அதன் வயிற்றைத் திறந்து பார்த்ததில்லை.

போன வாரம் விற்பவரின் வீட்டில் ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்ததில் மூன்று செய்திகள் என்னை உறுத்துகின்றன. முதலாவது, இடப்பக்க ஃபிளிப்பரால் (பொத்தானை அழுத்தினால் பந்தை அடிக்கும் துடுப்பு) அடிக்கும் பந்து வலப்பக்க ராம்ப்பில் (மேலேறும் சரிவுப் பாதை) பாதி ஏறி, களைத்துப் போனதுபோல் நின்று, வந்த வழியே திரும்பிவிடுகிறது. வலப்பக்க ஃபிளிப்பருக்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டாவது, ஆடுதளத்தின் நடுவிலிருந்து எழ வேண்டிய, படத்தின் வில்லனான அயர்ன் மான்கரின் பொம்மை மார்புவரைதான் மேலே வருகிறது. சில நொடிகள் அப்படியே முனகிக்கொண்டு நின்றுவிட்டு மறுபடி உள்ளே போய்விடுகிறது. "அது சில நாள் அப்படித்தான் செய்யும்" என்று விற்பவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். மூன்றாவது குறையா, குணமா என்பதே எனக்கு விளங்கவில்லை. பந்து என்னிடம் இருபது வினாடிகூட நிற்கவில்லை. அரங்கில் ஆடும்போதும் இந்த ஆட்டம் வேகமானதுதான், ஆனால் இங்கே கண்ணிமைக்கும் முன் மூன்று பந்துகளும் போய்விட்டன. வயதாகிவிட்டது எனக்கா, இயந்திரத்துக்கா?

இதற்கிடையில், இன்னொருவரிடம் 2007-ஆம் ஆண்டு ஸ்பைடர்-மேன் ஒன்று இருப்பதாகக் கேள்வி. அது விலை சற்றுக் கூடுதல். "வீட்டில் வைக்கிற பொருள், குழந்தையும் ஆடுகிற மாதிரி இருக்க வேண்டாமா?" என்று என் மனைவி கேட்கிறார்; அதிலும் நியாயம் இருக்கிறது. மகனுக்குப் பதினோரு வயது. இரண்டு நாயகர்களின் படங்களையும் மனப்பாடமாகச் சொல்வான். விலையை நான் பேசிக்கொள்வேன். மேற்சொன்ன குறைகளை நாமே சரிசெய்துகொள்ள முடியுமா, வீட்டுக்கு எது பொருந்தும் என்ற இரண்டுக்கு மட்டும் அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாவேன்.

பதில்: திருப்புளி

வணக்கம் நண்பரே. நீங்கள் சொன்ன மூன்று செய்திகளில் முதலாவதும் மூன்றாவதும் ஒரே காரணத்தால் வந்திருக்கக்கூடும் என்பது என் ஐயம். எனவே ஃபிளிப்பரைக் குறை சொல்லும் முன், இயந்திரத்தின் சாய்வை அளந்துவிடுங்கள்.

பின்பால் ஆடுதளம் சுமார் 6.5 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். பின்னங்கால்களின் அடியில் திருகி நீட்டக்கூடிய பாதங்கள் இருப்பதால், ஆட்டத்தைக் கடினமாக்க விரும்புபவர்கள் அவற்றை முழுமையாக நீட்டிவிடுவது வழக்கம். சாய்வு ஒரு டிகிரி கூடினாலே பந்து கீழே வரும் வேகமும் கூடும், ராம்ப்பில் ஏறுவதற்கு அது செலவிட வேண்டிய ஆற்றலும் கூடும். நல்ல நிலையிலுள்ள ஃபிளிப்பர் அதைச் சமாளித்துவிடும். சற்றே தேய்ந்த ஃபிளிப்பரின் குட்டு அங்கேதான் வெளிப்படும். அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கைப்பேசியைக் கண்ணாடியின் மேல் வைத்து அளப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியின் சாய்வும் ஆடுதளத்தின் சாய்வும் ஒன்றல்ல. கண்ணாடியைக் கழற்றி, ஆடுதளத்தின் மீதே வைத்து அளக்க வேண்டும். குறுக்குவாட்டில் மட்டமாக இருக்கிறதா என்பதையும் சிறு ரசமட்டம் ஒன்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாய்வு சரியாக இருந்தும் இடப்பக்கம் சோர்ந்தே இருந்தால், குறை பெரும்பாலும் மின்சாரத்தில் இராது, இரும்பில் இருக்கும். பழைய இயந்திரங்களில் ஃபிளிப்பர் காயிலுக்கு (ஃபிளிப்பரை இழுக்கும் மின்கம்பிச் சுருள்) இரண்டு சுற்றுகள் உண்டு. ஓங்கி அடிக்க ஒன்று, பிடித்து நிறுத்த இன்னொன்று. ஃபிளிப்பர் முழுவதும் எழுந்ததும் வீச்சின் நுனியில் உள்ள சுவிட்ச் ஒன்று முதல் சுற்றைத் துண்டிக்கும். அந்தச் சுவிட்ச் கருகினால் ஃபிளிப்பர் சோர்ந்துவிடும் என்பதால், பழைய கையேடுகளைப் படித்தவர்கள் முதலில் அதைத்தான் தேய்க்கப் போவார்கள். இந்தத் தலைமுறை ஸ்டெர்ன் இயந்திரங்களில் காயிலுக்கு ஒரே சுற்றுதான். பொத்தானை அழுத்தியதும் கட்டுப்பாட்டுப் பலகை முதலில் ஒரு வலுவான துடிப்பை அனுப்பிவிட்டு, பிறகு மிகக் குறுகிய துடிப்புகளாகத் தொடர்ந்து கொடுத்து ஃபிளிப்பரை மேலேயே நிறுத்திவைக்கிறது. அழுத்திப் பிடித்திருக்கும்போது மெல்லிய ரீங்காரம் கேட்குமே, அது இதனால்தான். இங்கே நுனிச் சுவிட்சின் வேலை, நிறுத்தி வைத்திருக்கும் ஃபிளிப்பரைப் பந்து தாக்கிக் கீழே தள்ளிவிட்டால் அதை அறிவிப்பது மட்டுமே. ஆகவே அதைச் சுரண்டி ஒரு பயனும் இல்லை.

பார்க்க வேண்டியவை காயிலுக்குள் ஓடும் இரும்புத் தண்டான பிளஞ்சர், அது வந்து முட்டும் காயில் ஸ்டாப், நடுவிலுள்ள நைலான் உறையான ஸ்லீவ், ஃபிளிப்பரோடு இணைக்கும் இணைப்புத் துண்டு ஆகியவை. ஆயிரக்கணக்கான முறை முட்டி முட்டிப் பிளஞ்சரின் தலை காளான்போல் விரிந்துவிடும். விரிந்த தலை ஸ்லீவைச் சுரண்டும். அப்போது உள்ளே கருப்பு மாவு படிந்திருப்பதைக் காணலாம். விற்பவர் அனுமதித்தால் ஆடுதளத்தைத் தூக்கி, இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கையாலேயே ஃபிளிப்பரை இயக்கிப் பாருங்கள். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போக வேண்டும். கரகரப்பு தென்பட்டால் விடை கிடைத்துவிட்டது. மேலிருந்து இன்னொரு சோதனையும் செய்யலாம். ஃபிளிப்பரை விரல்களால் பிடித்து நேராக மேலே தூக்கினால், ஒரு கடன் அட்டையின் கனம் அளவுக்கு அசைய வேண்டும். அசையவே இல்லையென்றால், அது அடியிலுள்ள புஷ்ஷின் (தண்டு சுழலும் வளையம்) மேல் உரசிக்கொண்டே ஓடுகிறது என்று பொருள். எல்லாவற்றையும் மாற்றும் முழுத் தொகுப்பாகவே இந்தப் பாகங்கள் கிடைக்கின்றன. ஒரு பக்கத்துக்கு மாற்றும்போது மறுபக்கத்துக்கும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் வலப்பக்கம் சோர்ந்துபோனதாக இங்கேயே வந்து எழுதுவீர்கள்.

அயர்ன் மான்கர் விஷயம் தனி. அந்தப் பொம்மையை ஒரு மோட்டார் தூக்குகிறது. அது எந்த நிலையில் நிற்கிறது என்பதைச் சுவிட்சுகள் பலகைக்குச் சொல்கின்றன. பாதியில் நின்று முனகுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது நல்ல செய்தி. முனகினால் மோட்டார் உயிரோடு இருக்கிறது. மோட்டார் தண்டில் இணைப்பைப் பிடித்திருக்கும் சிறு திருகான செட் ஸ்க்ரூ தளர்ந்திருந்தால், சுமை ஏறும் இடத்தில் தண்டு மட்டும் சுற்றும், பொம்மை ஏறாது. ஓர் ஆலன் கீயும் பத்து நிமிடமும் போதும். ஸ்க்ரூ இறுக்கமாக இருந்தால், பொம்மையின் பாதையில் ஏதாவது தட்டுகிறதா, நிலை சொல்லும் சுவிட்ச் ஒழுங்காக அறிவிக்கிறதா என்று, ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே இயக்கிப் பார்க்க உதவும் சோதனைப் பட்டியலில் ஓட்டிப் பாருங்கள். அந்தப் பட்டியலுக்கான பொத்தான்கள் காசுக் கதவின் உட்புறம் உள்ளன. கதவைத் திறந்ததும் காயில்களுக்குச் செல்லும் உயர் மின்னழுத்தத்தைப் பாதுகாப்புச் சுவிட்ச் துண்டித்துவிடும் என்பதை மறந்து, "எதுவுமே வேலை செய்யவில்லையே" என்று பதறாதீர்கள். அந்தச் சுவிட்சை வெளியே இழுத்துவிட்டால் சோதனைக்கு மட்டும் மின்சாரம் வரும். அந்நேரத்தில் உள்ளே கை வைக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னும் சிலவற்றையும் பார்த்துவிடுங்கள். பந்துகளை வெளியே எடுத்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றனவா என்று பாருங்கள். இந்த இயந்திரத்தில் ஆடுதளத்தின் அடியில் மின்காந்தங்கள் இருப்பதால், கார்பன் அதிகமுள்ள பளபளப்பான பந்துகளைப் போட்டால் அவையே காந்தமாகிவிடும். பிறகு பந்துத் தொட்டியில் இரண்டு பந்துகள் ஒட்டிக்கொண்டு, எண்ணிக்கை தெரியாமல் இயந்திரம் தடுமாறும். புள்ளிகளால் எழுத்தும் படமும் காட்டும் புள்ளித் திரையில் விடுபட்ட கோடுகள் இருக்கின்றனவா, பலகையிலுள்ள பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கிறதா என்பனவற்றையும் கவனியுங்கள். முன்னிரண்டும் சில்லறைச் செலவு. கசிந்த பேட்டரி மட்டும் பேரத்தை நிறுத்த வேண்டிய காரணம்.

பதில்: மூன்றாம்பந்து

இயந்திரத்தைப் பழுது பார்ப்பதில் திருப்புளி ஐயாவுக்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. "குறையா, குணமா" என்ற உங்கள் மூன்றாவது கேள்விக்கு மட்டும் ஆட்டக்காரனாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். பாதி குறையாக இருக்கலாம், சாய்வை அளந்தால் தெரியும். ஆனால் சரியாக நிறுத்தப்பட்ட அயர்ன் மேனும் இரக்கமில்லாததுதான்.

அது பிறந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். வில்லியம்ஸ் நிறுவனம் 1999-இல் பின்பால் தொழிலை விட்டு விலகிய பிறகு, பெரிய அளவில் இயந்திரம் தயாரிக்க எஞ்சியது ஸ்டெர்ன் ஒன்றுதான். 2008-இல் வந்த பொருளாதாரச் சரிவு அதையும் ஆட்டிவைத்தது. அந்த நெருக்கடியில், கையைக் கடிக்காமல் செய்ய வேண்டிய இயந்திரங்களுள் ஒன்றாக வந்ததுதான் ஜான் போர்க் வடிவமைத்த அயர்ன் மேன். ஆடுதளத்தின் மேல் இரண்டாம் தளம் இல்லை, வளைந்து வளைந்து செல்லும் கம்பிப் பாதைகள் குறைவு, நடுவில் பெரும்பாலும் வெற்று மரப்பலகைதான். கஞ்சத்தனம் என்று முதலில் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் மேலே ஓய்வெடுக்க இடமில்லாத பந்து கீழேதானே வரும்? அடித்த பந்து அடுத்த நொடியே உங்கள் முகத்துக்கு நேரே திரும்பிவிடுகிறது. விதிகளை எழுதிய லைமன் ஷீட்ஸ் தாமே போட்டிகளில் வென்ற ஆட்டக்காரர். எந்த அடிக்கு எவ்வளவு ஆபத்து, அதற்கு எவ்வளவு புள்ளி என்று நிறுத்துப் பார்க்கத் தெரிந்தவர். பொம்மைகளுக்குக் கொடுக்க முடியாத காசை விதிகளில் கொடுத்துவிட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன். நான்கு ஆண்டுகள் கழித்து அதே இயந்திரத்தை மறுபடி தயாரிக்கும் அளவுக்குக் கேட்டு வந்தவர்கள் இருந்தார்கள் என்பது சும்மா நடந்ததில்லை.

திரைப்படத்தை வைத்துச் செய்த இயந்திரத்தை எப்படி மதிப்பிட வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பின்னால் நிமிர்ந்து நிற்கும் தலைப்பெட்டியின் கண்ணாடியில் நாயகனின் படத்தை ஒட்டுவது எளிது, எந்த ஆட்டத்தின் மேலும் அதை ஒட்டலாம். அந்தப் படத்தில் நடப்பது பந்துக்கும் நடக்கிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். 2008-இல் வந்த முதல் படத்தின் இறுதியில் ஒபதையா ஸ்டேன் அணியும் மாபெரும் கவசம் அயர்ன் மான்கர். இயந்திரத்தில் அதன் பெயரின் எழுத்துகளை அடித்துச் சேர்த்து முடித்ததும், அதுவரை ஒன்றுமே இல்லாதிருந்த தளத்தின் நடுவிலிருந்து அது எழுந்து, உங்களுக்கும் மற்ற இலக்குகளுக்கும் இடையில் குறுக்கே நிற்கிறது. அதை அடித்தே ஆக வேண்டும். அடித்தால், கனமான உடம்பில் பட்ட பந்து நேர்கோட்டில் திரும்பி, இரண்டு ஃபிளிப்பர்களுக்கும் நடுவிலுள்ள சந்தில் இறங்கிவிடும். இரண்டாம் படத்தின் விப்லாஷ் மின்சாரச் சாட்டையால் பந்தயக் காரைப் பிளப்பான். இங்கே அவன் பக்கம் போகும் பந்தைக் காந்தம் கவ்வி, எந்தத் திசை என்று சொல்லாமல் உதறுகிறது. நாயகனின் தோழன் அணியும் கவசமான வார் மெஷினிடம் போன பந்து துப்பாக்கிக் குண்டுபோலத் திரும்பி வருகிறது. பகைவன் எதிரில் நிற்கிறான் என்ற பயத்தை ஒரு படத்தாளால் தர முடியாது, 80 கிராம் எடையுள்ள எஃகு உருண்டையால் தர முடியும்.

இனி, இருபது வினாடியை இரண்டு நிமிடமாக்கும் வழி. மான்கரை நேருக்கு நேர் அடிப்பதை முதலில் நிறுத்துங்கள். பந்தைத் தூக்கிப் பிடித்த ஃபிளிப்பரில் நிறுத்தி வைத்து, சற்று முன்னதாகவோ பின்னதாகவோ விடுவித்து, பொம்மையின் விளிம்பில் படும்படி அடித்தால் பந்து பக்கவாட்டில் விலகும். அதற்கும் மேலாக, எல்லாப் பந்தையும் அடிக்க வேண்டும் என்ற கைத்துடிப்பை விடுங்கள். ஃபிளிப்பரின் மேல் நேரே வந்து விழும் பந்தைத் தொடாமல் விட்டால், அது தானாகவே துள்ளி எதிர்ப்பக்க ஃபிளிப்பருக்குப் போகும். வேகமும் பாதியாகக் குறைந்திருக்கும். அப்படிச் சும்மா இருக்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. இயந்திரத்தை அசைத்துப் பந்தைத் திருப்புவதும் ஆட்டத்தின் பகுதிதான். உள்ளே தொங்கும் கூம்பு வளையத்தில் படாத அளவுக்கு அசைத்தால் குற்றமில்லை. பட்டால் முதலில் எச்சரிக்கும், மீறினால் ஃபிளிப்பர்கள் செத்துவிடும்.

பதில்: இரவல்காசு

மேலே எழுதிய நண்பரின் உற்சாகத்தை மதிக்கிறேன். ஆனால் கேட்டவர் பதினோரு வயதுப் பிள்ளை ஆடுவதற்கும் சேர்த்து அல்லவா கேட்கிறார்? போட்டிக்குப் போகிறவர்கள் அயர்ன் மேனைக் கொண்டாடுவது வேறு, குடும்பத்தில் நால்வர் மாறி மாறி ஆடுவது வேறு. அங்கே ஸ்பைடர்-மேன்தான் பொருந்தும் என்பது என் கருத்து.

ஸ்பைடர்-மேன் ஸ்டீவ் ரிட்சியின் வடிவமைப்பு. அவர் கையிலிருந்து வரும் இயந்திரங்களில் ஓர் அடி முடியும் இடத்திலிருந்தே அடுத்த அடி தொடங்கும். பந்து ராம்ப்பைச் சுற்றி வந்து ஃபிளிப்பரில் விழும்போது, கை தானாக அடுத்த இலக்கை நோக்கிப் போகும். 1979-இல் அடாரி வெளியிட்ட சூப்பர்மேன் இயந்திரத்தையும் வடிவமைத்தவர் அவரே. ஆகவே மீநாயகர்கள் அவருக்குப் புதியவர்கள் அல்லர். 2002, 2004, 2007 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று படங்களின் வில்லன்களும் இந்த ஒரே ஆடுதளத்தில் இருக்கிறார்கள். கிரீன் காப்ளின் பறக்கும் பலகைமேல் நின்று ஆடுவான். சாண்ட்மேன் வழியை மறிப்பான். டாக்டர் ஆக்டோபஸ் காந்தத்தால் பந்தைப் பிடித்துக்கொள்வான். வெனம் தன் பங்குக்கு வருவான். படத்தில் செய்தித்தாள் ஆசிரியராக நடித்த ஜே. கே. சிம்மன்ஸ் இந்த இயந்திரத்துக்கென்றே தனியாகக் குரல் பதிவு செய்து கொடுத்திருக்கிறார். பந்தைக் கோட்டைவிட்டு அவரிடம் திட்டு வாங்குவது தோல்வியைவிடச் சுவையாக இருக்கிறது என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மை. இதற்கும் விதி எழுதியவர் அதே லைமன் ஷீட்ஸ்தான் என்பதால், ஆழம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஒன்றைக் கவனியுங்கள். 2016-இல் வந்த ஸ்பைடர்-மேன் வால்ட் பதிப்பும் சந்தையில் உண்டு. அதில் திரைப்பட முகங்களை எடுத்துவிட்டுச் சித்திரக்கதை ஓவியங்களைப் போட்டிருக்கிறார்கள். ஆட்டம் அதேதான். ஆனால் மகனுக்குப் படம்தான் மனப்பாடம் என்றால், நீங்கள் கேள்விப்பட்டது 2007-ஆம் ஆண்டுப் பதிப்புதானா என்பதை நேரில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். திரைப்பட உரிமத்தில் செய்த எல்லா இயந்திரங்களிலும் இருக்கும் சங்கடம் இது. பாத்திரத்தின் உரிமை ஒருவரிடம், படத்தின் உரிமை இன்னொருவரிடம், நடிகரின் முகமும் குரலும் அவரவரிடம். முதல் பதிப்பில் கிடைத்தது மறுபதிப்பில் கிடைக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

மூன்றாம்பந்து அவர்களுக்கு ஒரு வார்த்தை. "படத்தாள் ஒட்டுவது எளிது" என்கிறீர்கள். 1989-இல் வந்த படத்தை வைத்து டேட்டா ஈஸ்ட் 1991-இல் செய்த பேட்மேனை ஆடியிருக்கிறீர்களா? அந்த டேட்டா ஈஸ்ட்தான் 1994-இல் சேகா பின்பாலாகி, 1999-இல் ஸ்டெர்னாகியது. மீநாயகர் படங்களை இயந்திரமாக்குவது அந்தக் குடும்பத்தின் பரம்பரைத் தொழில் என்றே சொல்லலாம். அவர்கள் செய்ததிலெல்லாம் பொம்மைகளும் குரல்களும் ஆட்டத்தின் பாதி. உங்கள் போர்க்கே 2017-இல் கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி செய்தபோது, பந்தை விழுங்கும் வாயோடு, அந்தப் படத்தின் மரமனிதனான குரூட்டின் தலையை நடுவில் வைத்தார். திரையில் படத்தின் காட்சிகளையே ஓடவிட்டார்கள். வெறும் பலகைதான் உயர்ந்தது என்றால் அவர் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்?

பதில்: மூன்றாம்பந்து

நியாயமான கேள்வி. காசு இருந்தபோது பொம்மை வைத்தார், இல்லாதபோது வேகத்தை வைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பொம்மையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அயர்ன் மேனில் மான்கர் ஒருவனே போதுமானவனாக இருக்கிறான் என்றுதான் சொன்னேன். பிள்ளைக்காக என்றால் ஸ்பைடர்-மேன் எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அயர்ன் மேனிலும் பந்துக் காப்பு நேரத்தையும் (அதற்குள் பந்து போனால் திருப்பிக் கொடுக்கும்) அசைத்தால் வரும் எச்சரிக்கைகளின் எண்ணிக்கையையும் அமைப்புப் பட்டியலில் கூட்டிக்கொள்ளலாம். மகன் ஆடும்போது கூட்டிவிட்டு, அவன் தூங்கிய பின் குறைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கோலி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை ஒரு ரசமட்டத்தையும் கைவிளக்கையும் எடுத்துக்கொண்டு, மகனையும் கூட்டிக்கொண்டு, விற்பவரின் வீட்டுக்கு மறுபடி போனேன். அவர் முகம் கோணாமல் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார்.

திருப்புளி ஐயாவின் ஐயம் அப்படியே பலித்தது. பின்னங்கால் பாதங்கள் இரண்டும் மரை தீரும்வரை நீட்டப்பட்டிருந்தன. ஆடுதளத்தின்மேல் வைத்து அளந்தபோது 8 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. முன்பிருந்த வீட்டில் தரை சரிவாக இருந்ததால் நீட்டியதாகவும், இங்கு வந்த பிறகு அதைத் தொடவே இல்லை என்றும் அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. இருவருமாகத் தூக்கிப் பிடிக்க, மகன் பாதங்களைத் திருகி உள்ளே தள்ளினான். 6.5-க்குக் கொண்டுவந்த பிறகு இடப்பக்க ஃபிளிப்பரால் பத்து முறை ராம்ப்பைக் குறிவைத்தேன். நான்கு முறை ஏறிச் சுற்றி வந்தது. ஆறு முறை விளிம்புவரை போய்த் திரும்பியது. முன்பு ஒன்றுகூட ஏறவில்லை. தளத்தைத் தூக்கிப் பார்த்ததில், இடப்பக்கப் பிளஞ்சரின் தலை நீங்கள் எழுதிய காளானேதான். ஸ்லீவின் வாயில் கருப்பு மாவு. விரலில் ஒட்டிய அந்த மையை மகன் சட்டையில் துடைத்துக்கொண்டதற்கு நான்தான் வீட்டில் பதில் சொன்னேன்.

மான்கரின் மோட்டார் தண்டில் செட் ஸ்க்ரூ அரைச் சுற்று தளர்ந்திருந்தது. இறுக்கியதும் சோதனைப் பட்டியலில் முழு உயரத்துக்கு எழுந்து நின்றது. மகன் ஒரு அடி பின்னால் போய்விட்டான். "அப்பா, இது படத்துல வர்ற மாதிரியே மெதுவா எழுந்திரிக்குதுப்பா" என்றான். ஸ்பைடர்-மேனைப் போய்ப் பார்க்கலாமா என்று திரும்பும் வழியில் கேட்டதற்கு அவன் பதில் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. பேட்டரியில் கசிவு இல்லை. புள்ளித் திரையில் மட்டும் மேலிருந்து இரண்டாவது வரிசை மங்கல். பந்துகள் மூன்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன, அவற்றை மாற்றிவிடுகிறேன். விலை படிந்துவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை எடுத்து வர வேண்டும். அடித்தளத்துக்குப் பதின்மூன்று படிகள், நடுவில் ஒரு திருப்பம். இதற்கு ஏதாவது வழி உண்டா?

பதில்: திருப்புளி

மகிழ்ச்சி. அந்த மங்கலான வரிசை இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். வரிசைகள் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கும்போது எல்.இ.டி. திரை ஒன்றை வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம்.

இயந்திரத்தின் எடை 110 கிலோவுக்கு மேல் இருக்கும். எனவே இருவர் போதாது, மூவர் வேண்டும். முதல் வேலையாகப் பந்துகள் அனைத்தையும் எடுத்து எண்ணி ஒரு டப்பாவில் போடுங்கள். ஒரு பந்து உள்ளே தங்கிவிட்டால் படியில் சாய்க்கும்போது அது பிளாஸ்டிக்கையெல்லாம் நொறுக்கிவிடும். பிறகு கண்ணாடியைக் கழற்றித் தனியாகப் போர்வையில் சுற்றிக் கொண்டுபோங்கள். தலைப்பெட்டியின் பின்புறப் பூட்டைத் திறந்து முன்பக்கமாக மடிக்கும்போது, இடையில் ஒரு போர்வையை விரித்து, பெட்டியோடு சேர்த்துப் பட்டையால் கட்டிவிடுங்கள். கட்டாமல் தூக்கினால் திருப்பத்தில் அது தானாக விரியும். பின்பக்கத்தைத் தள்ளுவண்டியின் தட்டில் நிறுத்திய பிறகே முன்னங்கால்களைக் கழற்றுங்கள். படியில் இறக்கும்போது வலுவான ஆள் கீழ்ப்பக்கம் நிற்கட்டும், மற்ற இருவரும் மேலிருந்து பட்டையைப் பிடித்து, ஒவ்வொரு படியாக, சொல்லிச் சொல்லி இறக்குங்கள். திருப்பத்தில் பெட்டியை நெட்டுக்குத்தாக நிறுத்தினால் இடம் போதும். அளந்து பார்க்காமல் ஞாயிறு காலை போய் நிற்காதீர்கள்.

கீழே வந்ததும் கண்ணாடியை வெறும் சிமெண்டுத் தரையிலோ ஓட்டுத் தரையிலோ நிறுத்தாதீர்கள். அது பதப்படுத்திய கண்ணாடி. நடுவில் தட்டினால் தாங்கும், விளிம்பு ஓரிடத்தில் கல்லில் பட்டால் பொரிபோல உதிர்ந்துவிடும். மடித்த அட்டைப்பெட்டி ஒன்றை முன்கூட்டியே சுவரோரம் போட்டு வையுங்கள். பாதங்களை ரசமட்டம் வைத்துத் திருகும் வேலையை மகனுக்கே கொடுத்துவிடுங்கள், அவனுக்குத்தான் இப்போது பழக்கம்.